கூடப்போறவ

லீலாபாய் டீச்சர் யாருக்கும் தண்ணீரைக் கையில் எடுத்துக் கொடுப்பதில்லை. வீட்டுக்கு வந்தவர் முன்னால் ஒரு தட்டில் நாலைந்து தம்ளர்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஓரடி பின்னால் போய் நின்றுகொள்கிறார். "இஷ்டமுள்ளத எடுத்துக் குடிங்க" என்கிறார். பக்கத்துத் தெருவுக்குக் குடிவந்த நான் முதல்முறை போனபோது பயந்துகொண்டே ஒன்றை எடுத்தேன். குடித்து முடிக்கும்வரை அவர் கண் அந்தத் தம்ளரைவிட்டு நகரவில்லை. உள்ளேயிருந்து அவர் கணவர் நேசமணி எட்டிப் பார்த்து, "பேடிக்காதீங்க சார், அவளுக்க வேல அப்பிடி" என்றார்.

அந்த வேலை வருடத்தில் சில நாட்கள்தான். மற்ற நாட்களில் டீச்சர் நாகர்கோவிலில் ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியை. சபையில் பெண்கள் சங்கத்துப் பொருளாளர். மாடியில் நாலு தொட்டி கத்தரிச் செடிக்கும் சொந்தக்காரர். தை மாதம் கடலோரச் சாலையில் பெண்களுக்கான சைக்கிள் பந்தயம் நடக்கும்போது மட்டும் பெட்டியிலிருந்து வெள்ளைக் கான்வாஸ் ஷூவை எடுத்து, நூல் புடவைக்குக் கீழே மாட்டிக்கொள்வார். பந்தயம் பெரியது. பல ஊர்க் கம்பெனிகள் அணி வைத்திருக்கின்றன. சைக்கிள் மிதிப்பதையே உத்தியோகமாகக் கொண்ட பெண்கள் வருகிறார்கள். பந்தயம் முடிந்ததும் ஜெயித்தவளுக்கும் குலுக்கலில் பெயர் விழுந்த சிலருக்கும் ஊக்கமருந்துச் சோதனை உண்டு.

சோதனைக்குத் தேர்வான பெண் முடிவுக்கோட்டைத் தாண்டியதும் டீச்சர் போய் அவளிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டும். அந்த நிமிடத்திலிருந்து அவள் சிறுநீர் கொடுத்து முடிக்கும்வரை கண்ணைவிட்டு அகலவிடாமல் கூடவே போக வேண்டும். மேடையில் பரிசு வாங்கினாலும், பேட்டி கொடுத்தாலும், அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாலும், கூடவே. தண்ணீர்ப் போத்தலைக்கூட அவள்தான் தட்டிலிருந்து எடுத்து மூடியைத் திறக்க வேண்டும். கழுத்தில் தொங்குகிற அட்டையில் இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் போட்டிருக்கும். டீச்சர் அதைச் சொல்வதில்லை. "நான் கூடப்போறவளாக்கும்" என்பார்.

அந்த வேலையைக் கொஞ்சம் தன் மாதிரி ஆக்கியும் வைத்திருந்தார். வெயிலில் வந்த பெண்ணுக்குக் குடை பிடிப்பார். அதிகாரி முறைத்தால், குடை பிடிக்கக்கூடாது என்று சட்டத்தில் இல்லை என்பார். நாள் முழுக்க வெயிலில் மிதித்து வந்த உடம்பில் சிறுநீர் லேசில் வராது. பெண்கள் கோப்பையைப் பிடித்துக்கொண்டு அழுவதும் உண்டு. டீச்சர் குழாயை மெல்லிசாகத் திறந்து விடுவார். "எனக்க பிள்ளைகளுக்கு நான் இப்பிடித்தான் செய்வேன். சத்தத்தக் கேட்டா தானா வரும்" என்பார். பாஷை தெரியாத பெண்களும் சிரித்துவிடுவார்கள். சிரித்த கொஞ்ச நேரத்தில் காரியம் நடந்துவிடும்.

அப்படி அவர் கூடப்போன பெண்களில் ஒருத்தி அஜிஷா. கடியப்பட்டணத்துக்காரி. அப்பாவுக்குக் கடலில் தொழில். ஒரு சின்ன கம்பெனி அணியில் அவளுக்குச் சம்பளத்துக்கு இடம் கிடைத்த முதல் வருடம் அது. அன்று நல்ல ஜலதோஷத்தோடு மிதித்து நாலாவதாக வந்திருந்தாள். சொந்த ஊர் வழியாகப் பந்தயம் போனபோது ஜனம் முழுக்க ரோட்டில் நின்று கத்தியதாம். அதைச் சொல்லிச் சொல்லி மூக்கைச் சிந்திக்கொண்டே டீச்சரோடு சோதனைக் கூடாரத்துக்கு நடந்தாள்.

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. அவள் தின்ற சளிக்குளிகையில் தடைசெய்யப்பட்ட மருந்து ஒன்று இருந்திருக்கிறது. இரண்டு வருடத் தடை. அணி அவளை அன்றைக்கே நீக்கிவிட்டது. டீச்சர் இதைப் பேப்பரில்தான் படித்தார். மனசு கஷ்டப்பட்டாலும் சட்டத்தின் மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. மருந்தைத் தின்று ஜெயிக்கிறவளும் தின்னாமல் தோற்கிறவளும் ஒரே ரோட்டில் ஓடக்கூடாது என்பது அவர் கட்சி. பள்ளியில் கோகோ விளையாட்டிலேயே கோட்டை மிதித்த பிள்ளையைச் சும்மா விடாதவர்.

கோபம் அடுத்த வருடம் வந்தது.

அந்த வருடம் அவர் கூடப்போக வேண்டியிருந்தது பந்தயத்தின் நட்சத்திரத்தோடு. விளம்பரத் தட்டிகளில் சிரிக்கிற முகம். பெயர் வேண்டாம், டீச்சரும் அந்தப் பெண்ணைப் 'பெரிய பிள்ளை' என்றுதான் சொல்கிறார். கன்னியாகுமரியில் கோட்டைத் தாண்டியதும் டீச்சர் விஷயத்தைச் சொன்னார். பெரிய பிள்ளை தலையாட்டிவிட்டு நேரே அணியின் காரில் ஏறிவிட்டாள். கார் கிளம்பிவிட்டது. சோதனை அதிகாரியிடம் ஓடிப்போய்ச் சொன்னதற்கு, அவள் களைத்துப்போயிருப்பாள், தானாக வருவாள், விடுங்கள் என்றார் அந்த அம்மாள். அஜிஷாவின் சோதனைக்கும் அதிகாரி இதே அம்மாள்தான். அப்போது அஜிஷா கக்கூஸ் கதவை மூடப் போனதற்கு அதட்டியவர்.

டீச்சர் விடவில்லை. ஒரு ஆட்டோவை நிறுத்தி ஏறினார். தங்கும் விடுதியைக் கண்டுபிடித்து, மாடியேறி, அறை வாசலுக்கு எதிரே வராந்தாவில் உட்கார்ந்தார். மேலாளர் வந்து இங்கே உட்காரக்கூடாது என்றார். டீச்சர் எழுந்து நின்றுகொண்டார். குளித்து, சாப்பிட்டு, போன் பேசிக் கதவைத் திறந்த பெரிய பிள்ளை, எதிரே கான்வாஸ் ஷூவும் குடையுமாக ஒரு குள்ளமான அம்மாள் நிற்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டாளாம். "நல்ல பிள்ளதான். தப்பு சொல்லப்பிடாது. எனக்கு ஒரு நாற்காலி போட்டுத் தந்தா" என்கிறார் டீச்சர். ஒருவழியாகச் சோதனை நடந்தது.

அதிலும் மருந்து இருந்தது. அஜிஷாவிடம் இருந்த அதே மருந்து. ஆனால் பெரிய பிள்ளைக்கு வக்கீல் வந்தார். அந்த மருந்து தேவைப்படுகிற நோய் முன்பிருந்தே இருந்ததாக டாக்டர் ஒருவர் பிறகு கொடுத்த சான்று வந்தது. விசாரணைக் குழு அதை ஏற்றுக்கொண்டு எச்சரிக்கையோடு விட்டது. காரில் ஏறிப் போனதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

பேப்பரை மடித்து வைத்துவிட்டு டீச்சர் கடியப்பட்டணத்துக்குப் பஸ் ஏறினார். எதற்குப் போனோம் என்று அவருக்கே தெரியவில்லை. கையில் ஒரு சீப்பு மட்டிப்பழம் இருந்தது.

கதவைத் திறந்த அஜிஷாவின் அம்மா அவரை அடையாளம் கண்டுகொண்டார். "நீங்கதான எனக்க மவளக் கூட்டிக்கிட்டுப் போனது?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனார். உட்காரச் சொல்லவில்லை. டீச்சர் நின்றுகொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்து அஜிஷா வந்தாள். முட்டத்தில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போகிறாள் என்பது அவள் சுடிதாரில் குத்தியிருந்த அட்டையில் தெரிந்தது. அவள் கேட்டது ஒரே கேள்வி.

"சளிக்குளிகை தின்னேன்னு அண்ணைக்கு நான் அந்த அதிகாரி அம்மாகிட்ட சொன்னது உங்களுக்கு ஓர்மை இருக்கா டீச்சர்?"

"இருக்கு மக்ளே. குளிகைக்க பேரையும் சொன்ன. அவங்க செரி செரின்னாங்க."

"ஃபாரத்துல அத எழுதவே இல்ல. நான் ஒளிச்சு வச்சேன்னு தீர்ப்புல சொல்லியிருக்கு. அதுக்குத்தான் ரெண்டு வருசம்."

டீச்சர் அப்போதுதான் உட்கார்ந்தார். வாசற்படியிலேயே.

அஜிஷாவின் மேல்முறையீடு டெல்லியில் ஏதோ ஒரு மேசையில் தூங்கிக்கொண்டிருந்தது. சாட்சி சொல்ல வருகிறேன் என்று டீச்சர் எழுதிப் போட்டார். பதில் வர மாதங்கள் ஆயின. இடையில் நேசமணி தனக்குத் தெரிந்த நியாயத்தைச் சொல்லிப் பார்த்தார். அவர் அரசு பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். மேலதிகாரியைப் பற்றி வாயைத் திறந்தவர்களுக்கு எந்த ரூட் கிடைக்கும் என்று அறிந்தவர். "பொறவு உன்ன அந்த வேலைக்கு விளிக்க மாட்டாங்க, கேட்டியா?" என்றார். அன்று சாயங்காலம் டீச்சர் கான்வாஸ் ஷூவைத் துவைத்து, சுண்ணாம்பு பூசி, மாடியில் கத்தரித் தொட்டிகளுக்கு நடுவே வெயிலில் வைத்ததாக நேசமணி சொன்னார். பந்தயத்துக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருந்ததாம்.

விசாரணை போனில் நடந்தது. அரிசி டின்னில் போனைச் சாய்த்து வைத்து, ஞாயிற்றுக்கிழமைப் பட்டுப்புடவையில் டீச்சர் எதிரே உட்கார்ந்தார். திரையில் மூன்று பேர். அவர்கள் ஆங்கிலத்தில் கேட்டதை ஒருவர் தமிழில் சொன்னார். அந்தப் பெண் குளிகையைப் பற்றிச் சொன்னதைத் தான் பக்கத்தில் நின்று கேட்டதாகவும், எழுத வேண்டியவர் எழுதவில்லை என்றும் டீச்சர் சொன்னார். இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டார்கள்.

"என்கிட்ட யாரும் கேக்கல்ல சார். கார்ல ஏறிப் போனவளுக்கு டாக்டர் கடுதாசி பொறவு வந்தும் வாங்கிக்கிட்டீங்க. இவ நின்ன நிப்பில வாயால சொன்னத ஏன் எடுக்கல்ல?"

அது வேறு வழக்கு என்றார் நடுவில் இருந்தவர். டீச்சர் அதற்கும் தலையாட்டி நன்றி சொன்னார். திரை அணைந்தபிறகு பட்டுப்புடவையோடு போய்ச் சோறு வடித்தார்.

தடையைக் குறைத்தார்கள். குற்றம் இல்லை என்று சொல்லவில்லை. அதுவரை கழிந்த காலம் போதும் என்றார்கள். அடுத்து வந்த தை மாதப் பந்தயத்துக்கு அஜிஷாவால் வர முடிந்தது. பழைய அணி எடுக்கவில்லை. வேறொரு அணி பாதிச் சம்பளத்துக்கு எடுத்தது. அதிகாரி அம்மாளுக்கு என்ன ஆனது என்று யாருக்கும் தெரியவில்லை. டீச்சருக்கு மட்டும் அந்த வருடம் வேலைக்குக் கூப்பிட்டுப் போன் வரவில்லை. பந்தயத்துக்கு முந்தின வாரம் முழுக்கப் போனைக் கையிலேயே வைத்திருந்தார். சபைக்குப் போகும்போதும் அணைக்கவில்லை; ஜெபத்தின் நடுவே அது ஒலித்தபோது காஸ் கம்பெனிக்காரன்தான் பேசினான்.

பந்தயத்தன்று கணவரோடு பஸ்ஸில் கன்னியாகுமரி போய்க் கூட்டத்தோடு கூட்டமாகத் தடுப்புக்கம்பிக்கு வெளியே நின்றார். சாதாரணச் செருப்புதான் போட்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். பெரிய பிள்ளை முதலாவதாக வந்தாள். மாலை போட்டார்கள், அணியின் பஸ்ஸில் ஏறினாள், கதவு மூடிக்கொண்டது. அவளோடு யாராவது ஏறினார்களா என்று டீச்சர் கால் விரலில் எம்பி எம்பிப் பார்த்தார். கூட்டம் மறைத்தது. "கண்டீங்களா? ஆராவது கூடப் போனாங்களா?" என்று என்னைக் கேட்டார். நானும் பார்க்கவில்லை.

அஜிஷா ஆறாவதாக வந்தாள். சைக்கிளைவிட்டு இறங்கி மூச்சு வாங்கி முடிக்கவில்லை; கழுத்தில் அட்டை தொங்கிய ஒரு இளம்பெண் அவளிடம் போய் ஏதோ சொன்னாள். குலுக்கலில் இந்த முறையும் அவள் பெயர்தான் விழுந்திருந்தது. அஜிஷா கூட்டத்தை நோட்டம் விட்டாள். சைக்கிளை உருட்டிக்கொண்டு நேரே எங்கள் பக்கம் வந்தாள். அட்டைக்காரப் பெண் பின்னாலேயே வந்தாள்.

"இதக் கொஞ்சம் பிடிச்சுக்கிடுங்க டீச்சர். நான் போய்க் குடுத்துட்டு வாறேன்."

தடுப்புக்கம்பிக்கு மேலே சைக்கிளைத் தூக்கிக் கொடுத்துவிட்டு அவள் திரும்பி நடந்தாள். டீச்சர் அதன் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு நின்றார். அணியின் மெக்கானிக் ஓடிவந்து, வண்டியில் ஏற்ற வேண்டும், கொடுங்கள் என்றான். "அவ வரட்டு" என்றார். அவன் கையை நீட்டியபடி நிற்க, டீச்சர் சைக்கிளைத் தன் இடுப்போடு சாய்த்துக்கொண்டு, முந்தானையை இழுத்து, சீட்டில் ஈரமாக இருந்த வேர்வையைத் துடைக்க ஆரம்பித்தார்.