ஏழாம் மாதத்து வீக்கம்

டிரசர் ஐயா, நீங்கள் பொய் எழுதியிருக்கிறீர்கள்.

மலாயாவில் குளுவாங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் அந்தக் காலத்தில் ஒன்றாக இருந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் சேர்ந்து ஒரு நினைவு மலர் போட்டிருக்கிறார்கள். என் மகள் அதைத் தம்போய் வீட்டுக்குக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். அதில் வெள்ளைக் கால்சட்டை போட்ட உங்கள் படம். படத்துக்குக் கீழே உங்கள் கட்டுரை. லயத்துப் பெண்கள் வேப்பிலையையும் பூசாரியையும் நம்பி ஆஸ்பத்திரிப் பக்கமே வராமல் கிடந்தார்களாம். உயிர் போகிற நேரத்தில்தான் தூக்கி வருவார்களாம். அதனால் குறைமாதத்தில் பிறந்ததெல்லாம் மூச்சில்லாமலே பிறந்ததாம். எல்லாம் உங்கள் எழுத்து.

நான் வந்தேன் ஐயா. முதல் தடவை யாரும் என்னைத் தூக்கி வரவில்லை. என் காலால் நடந்து வந்தேன். வீங்கிய கால்தான், ஆனாலும் என் கால்.

படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லயம் என்றால் தோட்டத் தொழிலாளிகளின் வரிசைவீடு; தோட்டத்து ஆஸ்பத்திரியைக் கவனிக்கிறவரை டிரசர் என்போம். பெரிய டாக்டர் மாதத்தில் ஒரு நாள் காரில் வந்து, தொப்பியைக் கழற்றாமலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விடுவார். மற்ற நாளெல்லாம் டிரசர்தான் டாக்டர், அவர் சொன்னதுதான் நோய்.

எனக்குக் கோபம் 'மூச்சில்லாமலே' என்ற அந்த ஒரு சொல்லில்தான். என் தலைச்சன் பிள்ளை மூச்சோடு பிறந்தானா, இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. எத்தனை பிள்ளை பெற்றாய் என்று யாராவது கேட்டால் மூன்று என்பேன். சொல்லி முடிப்பதற்குள் வாய் நான்கு என்றுவிடும். கிழவிக்கு எண்ணத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவள் நான். கணக்கில் மட்டம்தான், அதற்காக நாலுவரைகூடவா எண்ண மாட்டேன்?

மலரைப் படித்துக்கொண்டிருந்தபோது மகள் அடுப்பில் பச்சைப்பயறு வேகவைத்துக்கொண்டிருந்தாள். தேங்காய்ப்பாலும் வெல்லமும் விட்டுக் காய்ச்சுவாள், மலாய்க்காரர்கள் செய்கிற மாதிரி. வீட்டில் எல்லோரும் கிண்ணத்தை வழித்துத் தின்பார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறினால் நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். அவளுடைய அண்ணன் என் வயிற்றில் இருந்தபோது அவனோடு சேர்த்து நான் தின்ற பயறு அது என்று அவளிடம் நான் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்னவோ.

ரப்பர் விலை விழுந்து, பாதிப் பேரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்ட காலம் அது. மிச்சமிருந்தவர்கள் இரண்டு ஆள் வேலையை ஒரு ஆளாகச் செய்தோம். நான் பால்மரம் வெட்டினேன், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தேன். என் வீட்டுக்காரருக்கு ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோடும் கொட்டகையில் வேலை. வீட்டுக்குள் அவர் நுழைவதற்கு முன்னாலேயே அந்தப் புகைநாற்றம் நுழைந்துவிடும். மசக்கையில் எனக்கு எல்லா வாசனையும் குமட்டியது, அது மட்டும் பிடித்தது. அவர் சட்டையை மோந்துகொண்டே தூங்குவேன். வெட்கங்கெட்டவள் என்று நீங்கள் நினைத்தாலும் பரவாயில்லை.

முதலில் காட்டிக்கொடுத்தது மெட்டி. ஏழாம் மாதம் பிறந்ததும் கால்விரல்கள் உப்பி, மெட்டி சதைக்குள் புதைந்துவிட்டது. சோப்புப் போட்டு இழுத்தோம், எண்ணெய் போட்டு இழுத்தோம். கடைசியில் வீட்டுக்காரர் ஸ்டோரிலிருந்து கம்பி வெட்டும் குறடைக் கொண்டுவந்து நறுக்கினார். பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா என் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “அடி ஆத்தி, பாத்து வெட்டுங்க தம்பி. வெரலயும் சேத்து நறுக்கிறாதீங்க, அப்புறம் நீங்கதான் பால் வெட்டப் போவணும்.”

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனேன். டிரசர் தன் கட்டைவிரலை என் முழங்காலுக்குக் கீழே அழுத்தி எடுத்தார். குழி விழுந்தது, எழும்பவில்லை. சேற்றில் புலித்தடம் பார்த்தவர்போல அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“பெரிபெரிம்மா இது,” என்றார். “பச்சப்பயறு தின்னு. தவிட்டக் கரைச்சுக் குடி. சோத்தக் கொற.”

“புள்ளைக்கு ஒண்ணும் இல்லீங்களே ஐயா?”

“புள்ள எங்கம்மா போவுது? உள்ளதான இருக்கு!”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது இன்னும் உறுத்துகிறது.

பெரிபெரி என்பது வெள்ளையாகத் தீட்டிய அரிசியை மட்டும் தின்றால் வருகிற கால்வீக்கம். சீனத் தொழிலாளிகள் தங்குகிற கொங்சிகளில் ஆட்கள் அதில் சாவது அப்போது சாதாரணம். எங்கள் தோட்டத்துக்கு வருமுன் டிரசர் அந்தக் கொங்சிகளைப் பார்த்தவர். வீங்கிய கால் என்றால் அவருக்கு வேறு நோய் தோன்றாது. நாங்களோ புழுங்கலரிசிக்காரர்கள், அதைத் தின்றால் பெரிபெரி வராது. அன்று வீட்டுக்காரர் என்னைச் சீண்டினார்: “புழுங்கச்சோறு திங்கிறவளுக்கு எப்படிப் புள்ள பெரிபெரி வந்துச்சு? எனக்குத் தெரியாம தொர பங்களாவுல வெள்ளச்சோறு திங்கிறியா?” விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனால் அந்தக் கேள்வியை டிரசரிடம் போய்க் கேட்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

எனக்கு என்ன நோய் என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அதுதான் தொல்லை. இரட்டைப் பிள்ளை, அதான் இரண்டு காலும் வீங்குது என்றாள் அஞ்சலை. காலுக்கொரு பிள்ளையாம். கங்காணி பெண்சாதியோ அன்னாசி தின்றதால் வந்த வினை என்றாள். தின்றேன்தான். ரப்பர்க் கன்றுகளுக்கு இடையே அன்னாசி போட்டிருந்த நிரை வழியாகத்தான் நான் பால் வெட்டப் போவேன். பழுத்துக் கிடக்கிற பழத்தைத் தாண்டிப் போக நான் என்ன முனிவரா? போதாததற்கு ஐந்தாம் மாதம் எனக்குக் குளிர்காய்ச்சல் வேறு வந்திருந்தது. பெரட்டுக்களத்தில் காலையில் பேர் கூப்பிடும்போது எல்லோர் வாயிலும் குளிர்காய்ச்சல் மருந்தான கொயினாவை ஊற்றுவார்கள், எனக்கும் ஊற்றினார்கள். கொயினா கருவைக் கலைக்கும் என்று லயத்தில் பேச்சு. ஊற்றாவிட்டால் காய்ச்சல் கலைக்கும் என்பது ஆஸ்பத்திரிப் பேச்சு. துப்புவதா விழுங்குவதா? ஒருநாள் விழுங்கினேன், ஒருநாள் துப்பினேன்.

பயறு தின்று தின்று வாய் புளித்ததே தவிர வீக்கம் இறங்கவில்லை. முகத்துக்கு ஏறியது. காலையில் கண்ணைத் திறக்க விரலால் இமையைப் பிரிக்க வேண்டியிருந்தது. பிறகு தலைவலி. பிறகு பட்டப்பகலில் மரங்களுக்கு நடுவே மின்மினி பறந்தது. நெஞ்சுக்குழியில் கல்லை வைத்து அழுத்துகிற மாதிரி வலி. மறுபடியும் போனேன். கேட்டுக்கொள்ளுங்கள் டிரசர் ஐயா, மறுபடியும் வந்தேன். தலைவலிக்கு ஒரு மருந்துத்தண்ணியும் நெஞ்சுவலிக்கு ஓம வாசனையடிக்கிற ஒரு மருந்தும் கொடுத்தீர்கள். மின்மினியைச் சொன்னேன். “பால்மரத் தோட்டத்துல மின்மினி இருக்காதாம்மா?” என்றீர்கள்.

அதற்குப் பிறகுதான் அஞ்சலை வேப்பிலை அடித்தாள். அடித்தது உண்மை, மறைக்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து திருப்பி அனுப்பிய பிறகு அடித்தது. எது முன்னே, எது பின்னே என்பதைத்தான் உங்கள் கட்டுரை மாற்றிவிட்டது.

பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. பால் எடுத்துக்கொண்டு கொட்டகை வாசலில் நின்றது நினைவிருக்கிறது. தோளில் காண்டாக்கம்பு, இரண்டு பக்கமும் வாளி, ரப்பர்ப் பால் உறையப் போடுகிற திராவகத்தின் காட்டமான நெடி. அந்த நெடியோடு உலகம் அறுந்துவிட்டது. கண் விழித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். நாக்கு கடிபட்டுப் புண்ணாகியிருந்தது. வயிறு காலியாக இருந்தது.

நடுவில் நடந்ததையெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் கேட்டேன். நான் விழுந்து கைகால் வெட்டியிழுத்ததாகவும், காண்டாக்கம்பிலேயே துணி கட்டித் தூக்கிப் போனதாகவும் சொன்னார்கள். அதுவரை எல்லோர் கதையும் ஒன்று. பிள்ளை பிறந்த இடத்தில்தான் பிரிகிறது.

“அழல புள்ள. நான் வாசல்லதான் இருந்தேன், சத்தமே இல்ல,” என்றார் வீட்டுக்காரர்.

அஞ்சலை உள்ளே இருந்தவள். அவள் சொன்னது வேறு: “பூனக்குட்டி மாதிரி ரெண்டு தடவ கத்துனான் தங்கச்சி. பஞ்சுல சுத்தி, பால் டின்னு வர்ற பெட்டி இருக்கில்ல, அதுல வச்சாரு டிரசரு. ரெண்டு பக்கமும் போத்தல்ல வெந்நி ஊத்தி அண்டக் குடுத்தாரு. நான்தான் வெந்நி வச்சேன்.”

வீட்டுக்காரரிடம் கேட்டேன். “அவ கெடக்குறா, கதகட்டி,” என்றார். செத்த பிள்ளைக்கு எதற்கு வெந்நீர்ப் போத்தல் என்று கேட்டேன். எழுந்து வெளியே போனார். பல நாள் கழித்து, கள் குடித்துவிட்டு வந்த ஒரு சாயங்காலம், கேட்காமலே சொன்னார்: “அழுதாந்தான். நீ கெடந்த கெடப்புல ஒங்கிட்ட எப்படிச் சொல்லுவேன்?” மறுநாள் தெளிந்ததும், அப்படி நான் சொல்லவே இல்லை என்று சாதித்தார். எந்த மனுஷனை நம்புவது, குடித்தவனையா, தெளிந்தவனையா?

நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே டிரசர் என் கட்டிலுக்கு வந்து நாடி பார்த்தார்; பிள்ளை அழுதானா என்று கேட்டேன். “அடுத்தது நல்லாப் பொறக்கும்மா,” என்றார். கேட்டதற்கு அது பதிலில்லை.

பல வருஷம் கழித்து மகள் பிள்ளையுண்டானபோது தம்போய் கிளினிக்குக்குத் துணையாகப் போனேன். அங்கே ஒரு தாதி, கிறிஸ்துவ வேதக்காரத் தமிழ்ப்பெண், மகள் கையில் துணியைச் சுற்றிக் காற்றடித்து இரத்தக் கொதிப்புப் பார்த்தாள். சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றிச் சின்ன விளக்கில் சூடு காட்டினாள். எதற்கம்மா இந்தச் சமையல் என்று கேட்டேன்.

“வெள்ளையாத் திரண்டா ஆபத்து ஆன்ட்டி. கால் வீங்கும், மூஞ்சி வீங்கும், தல வலிக்கும், கண்ணுல பூச்சி பறக்கும். விட்டா வலிப்பு வந்திரும். பேபி முன்னாடியே பொறந்திரும்.”

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். என் கதையைச் சொன்னேன். அவள் ஒரு பிரசங்கமும் செய்யவில்லை. “பெரிபெரின்னா சொன்னாரு? அலமாக்!” என்று மலாயில் அங்கலாய்த்தாள். அப்படியானால் இதுதான் காரணமா என்று கேட்டேன். “இருக்கும் ஆன்ட்டி. ஆனா அந்தக் காய்ச்சலும் சும்மா விட்ருக்காது. ரெண்டும் சேந்தும் இருக்கலாம். இப்ப யாரு சொல்ல முடியும்?” அன்னாசியைப் பற்றிக் கேட்டேன். “அதெல்லாம் இல்ல லா,” என்று சிரித்தாள்.

ஒரு வழியாக அன்னாசிக்கு விடுதலை. மற்றதெல்லாம் குழம்பிக்கொண்டேதான் இருக்கிறது. அந்தக் குழாயும் விளக்கும் அன்றைக்கு நம் ஆஸ்பத்திரி அலமாரியில் இருந்தனவா? தெரியாது. இருந்தும் பார்க்கவில்லையா, இல்லாததால் பார்க்கவில்லையா? அதுவும் தெரியாது. ஒரே ஆளாக மூன்று தோட்டத்தைப் பார்த்த மனுஷன்மேல் எவ்வளவு கோபப்படலாம் என்றும் எனக்குத் தெரியவில்லை. போத்தலில் வெந்நீர் ஊற்றியது அவர்தான் என்றால், அந்தக் கையை என்ன செய்வது, ஒடிப்பதா, கும்பிடுவதா?

போன வருஷம் மகன் என்னைக் காரில் தோட்டத்துக்குக் கூட்டிப்போனான். பால்மரம் ஒன்றுகூட இல்லை, கண் எட்டும் தூரம் எண்ணெய்க்குப் போட்ட செம்பனை. லயத்தை இடித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி இருந்த மேட்டில் உர மூட்டை அடுக்கியிருந்தது. அதற்குப் பின்னால் சரிவில்தான் என் பிள்ளையைப் புதைத்ததாகச் சொல்வார்கள், எந்த இடம் என்று கல்லா வைத்தார்கள்? புகைக்கொட்டகை நின்ற இடத்தில் மூக்கை நீட்டி மோந்து பார்த்தேன், மண் வாசனைதான் வந்தது. சண்டைக்காலத்தில் வீட்டுக்காரரை ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில்பாதை போடக் கொண்டுபோனான், திரும்பவில்லை. அஞ்சலை அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்த அறையில் அன்று இருந்தவர்களில் பேச நாக்குள்ளவர் நீங்கள் ஒருவர்தான்.

அடுத்த மாதம் குளுவாங்கில் கூட்டம் போட்டு உங்களுக்கு மாலை போடப்போகிறார்களாம். நானும் வருவேன். வீட்டுக்கு வந்து தனியாகச் சொல்கிறேன் என்று ஆள் அனுப்ப வேண்டாம், கடிதமும் வேண்டாம். மூச்சில்லாமல் பிறந்ததென்று ஊரறிய எழுதினீர்கள். அதே ஊர் முன்னால் மைக்கைப் பிடித்துச் சொல்லுங்கள் டிரசர் ஐயா: என் பிள்ளை அழுதானா?