ஒரே நொடியில் திறந்த ரிப்போட்

சூடேறிய கம்பியூட்டரின் பிளாஸ்டிக் வாசம்... கல்முனையில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடி. என் முதல் வேலை அங்கேதான்.

நானும், அக்கா முறையில் நான் ராத்தா என்றழைக்கும் என் சீனியர் ரிஸ்னாவும் ஒரு தனியார் மருத்துவ லேப்புக்கு வெப்சைட் செய்திருந்தோம். பரிசோதனை முடிவை வீட்டிலிருந்தே போனில் பார்க்கலாம். எத்தனையோ தரம் சோதித்தேன். ஒரு பிழையும் இல்லை.

சைட்டைத் திறந்த நாள் காலையில், முடிவு தயார் என்று நோயாளிகள் எல்லோருக்கும் ஒன்றாக மெசேஜ் போனது. சற்று நேரத்தில், லேப்பில் எங்கள் இடத்தைக் கேட்டறிந்து ஒருவர் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். ஒரு கையில் போன், மறு கையில் பேப்பர்.

"தங்கச்சி, எண்ட பொஞ்சாதிட கட்டி டெஸ்ட். போன்ல கேன்சர் எண்டு இரிக்கி. லேப்ல தந்த பேப்பர்ல ஒண்டுமில்ல எண்டு இரிக்கி. நான் எத நம்புற? அவ அழுதுகிட்டே இரிக்கா..."

அவர் மனைவியின் நோயாளி நம்பரைப் போட்டுப் பார்த்தேன். சரியாக வந்தது. மறுபடியும் சரி.

ராத்தா சொன்னார், "நீ தனியப் பாத்தா சரியாத்தான் வரும். ரெண்டு பேரும் ஒண்டா அமத்துவம்."

இரண்டு நம்பர்கள், இரண்டு கம்பியூட்டர்கள். ஐந்தாவது தரம் என் திரையில் மேலே என் நோயாளியின் பெயர், கீழே ராத்தாவின் நோயாளியுடைய முடிவு!

என் நிரலைத் திறந்து பார்த்தேன். பார்ப்பவரின் நம்பரை எல்லோருக்கும் பொதுவான ஒரே இடத்தில் வைத்து எழுதியிருந்தேன். பெயரை எடுத்து, முடிவை எடுப்பதற்குள் அடுத்தவர் வந்தால் அவருடைய நம்பர் அதில் ஏறிவிடும்.

சைட்டை உடனே மூடினோம்.

"பேப்பர்ல இரிக்கிறதுதான் சரி, நானா" என்று அந்த அண்ணனிடம் சொன்னேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று கதிரையில் அமர்ந்தவர், திடீரென்று நிமிர்ந்தார்.

"அப்ப இந்தக் கேன்சர் ஆருக்கு?"

நாங்கள் அதை யோசிக்கவே இல்லை.

பதிவுகளைத் தேடினோம். அது பொத்துவில் பக்கத்துப் பெண் ஒருவருடையது. அதே நொடியில் திறந்திருந்தார். அவர் கண்டது மூன்றாவது ஒருவரின் நல்ல முடிவை. லேப்புக்கு ஓடினோம். டொக்டர் எங்கள் முன்னால்தான் அவருக்குப் போன் எடுத்தார்.

"ஒண்டுமில்ல எண்டுதானே வந்த டொக்டர்... சந்தோசத்துல பாச்சோறு ஆக்கி அக்கம்பக்கமெல்லாம் குடுத்திட்டனே" என்றது அந்தக் குரல்.

ராத்தா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பெண் அந்த வாரமே சிகிச்சைக்குப் போனார். இன்றும் சுகமாக இருக்கிறார்.

ராத்தா இப்போது கட்டார் நாட்டில். நான் வேறு கம்பெனியில். சைட்டைத் திறக்குமுன் ஆயிரம் பொய் ஆட்களை ஒன்றாக உள்ளே அனுப்பிப் பார்க்க இப்போது மென்பொருள் இருக்கிறது. பிழை வந்தால் திரையில் ஒரு சிவப்புக் கோடு... அவ்வளவுதான்.

அன்று எங்கள் பிழையைக் கண்டுபிடித்துத் தந்தவர்கள் எல்லோரும் உண்மையான மனிதர்கள்.