துவைக்காத ஒரு துணி கேட்டேன்

சபை மலரை வாசிக்கும் அன்பானவர்கள் எல்லோருக்கும் என் ஸ்தோத்திரம். என் பெயர் ஹெலன். இருபது வருடமாக ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக வேலை பார்க்கிறேன். மற்றவர்கள் எழுதியதில் கூடுதலாக இருப்பதை வெட்டுவதுதான் என் வேலை. இந்தச் சாட்சியையும் அப்படி வெட்டித்தான் எழுதியிருக்கிறேன். நடந்தது மட்டும் இதில் இருக்கிறது.

மூன்று வருடங்களுக்கு முன், நவம்பர் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று எனக்கு வார விடுமுறை. மந்தைவெளியில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு மதியம் இரண்டு மணிக்கு என் தங்கை பிரியாவும் அவள் கணவர் ராஜனும் குழந்தையோடு வந்தார்கள். குழந்தை கிருபாவுக்கு அப்போது நான்கு மாதம். வரும் ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஞானஸ்நானம். வெள்ளை கவுன் வாங்க பாண்டி பஜார் போக வேண்டும். மழை தூறிக்கொண்டிருந்ததால் குழந்தையை என்னிடம் விட்டுவிட்டு ஸ்கூட்டரில் போய் வருவதாகச் சொன்னார்கள். பிறந்ததிலிருந்து கிருபா தாயைவிட்டு ஒரு மணி நேரம்கூட இருந்ததில்லை.

"தூங்கிட்டாக்கா. எழுந்திரிக்கிறதுக்குள்ள வந்துடறேன். பழைய துணி ஏதாவது இருந்தா கொடேன், பால் கட்டிக்கும் போல இருக்கு" என்றாள் பிரியா.

என் பழைய பருத்திப் புடவை ஒன்றைக் கிழித்து இரண்டு துண்டு கொடுத்தேன். ஒன்றை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். இன்னொன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். வாசலில் செருப்பு மாட்டும்போது ராஜன் அவளை ஏதோ கேலி செய்தார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே படி இறங்கினார்கள்.

திரும்பி வரும் வழியில் ஒரு தண்ணீர் லாரி மோதியது. ராஜன் அந்த இடத்திலேயே இறந்துவிட்டார். பிரியா மருத்துவமனையில் இரண்டு மணி நேரம் உயிரோடு இருந்தாள். அந்த இரண்டு மணி நேரமும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவில் நின்று ஜெபித்தேன். இவளை மட்டுமாவது திருப்பித் தாரும் என்று கேட்டேன். அந்த ஜெபம் கேட்கப்படவில்லை. சாட்சி எழுதுகிறவர்கள் இதைச் சொல்லாமல் தாண்டிப் போவதுண்டு. என்னால் தாண்ட முடியவில்லை.

மறுநாள் எங்கள் பத்திரிகையிலேயே செய்தி வந்தது. நான்கு வரி. பிரியாவின் வயதை முப்பத்தொன்று என்று போட்டிருந்தார்கள். அவளுக்கு இருபத்தொன்பது.

அடக்கம் முடிந்த அன்று சாயங்காலம் போதகர் ஐயா என் வீட்டுக்கு வந்தார். கையில் ஞானஸ்நானப் படிவம் இருந்தது. பிரியா தன் கையால் நிரப்பியது. ஞானத்தாய் என்ற இடத்தில் என் பெயர். ஞானத்தகப்பன் என்ற இடத்தில் மோசஸ் என்று இருந்தது. ராஜனின் அண்ணன்.

மோசஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராஜா அண்ணாமலைபுரத்தில் கால்வாயை ஒட்டிய சந்து ஒன்றில் ஏழு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். நாற்பத்தொரு வயது. மாட்டுக் கொட்டகைக்கு யாரும் பெண் கொடுக்காததால் கல்யாணம் ஆகவில்லை. தம்பியின் கல்யாணத்துக்குப் பால் கறந்த கையோடு, வேறு சட்டை மாற்றாமல் நேராக ஆராதனைக்கு வந்துவிட்டார். எங்கள் அலுவலகத்தார் எல்லாம் முன்வரிசையில் இருந்தார்கள். நான் அவரிடம் போய், கொஞ்சம் பின்னால் உட்கார்ந்துகொள்ளுங்கள் என்றேன். அவர் எங்கேயும் உட்காரவில்லை. சாப்பிடாமல் போய்விட்டார். அதற்குப் பிறகு அவரும் நானும் பேசியதே இல்லை.

இது பிரியாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் இரண்டு பெயரையும் அடுத்தடுத்த வரியில் எழுதியிருந்தாள்.

"ஞானப்பெற்றோர்னா பேருக்கு இல்லம்மா. பெத்தவங்க இல்லாத இடத்துல நீங்கதான். ரெண்டு பேரும்" என்றார் ஐயா. வாசலுக்கு வெளியே நின்றிருந்த மோசஸையும் கைகாட்டினார்.

"குழந்தை இங்கதான் இருக்கும்" என்றேன்.

"இருக்கட்டும் மேடம். நா வந்து பாத்துகினு போறேன்" என்றார் மோசஸ். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் வைத்திருந்தார். காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கிய பொருட்கள். வாங்கி பீரோவின் மேலே வைத்தேன். திறக்கவில்லை. கையில் கிடைத்த காகிதத்தையெல்லாம் படித்துப் பார்க்கிற எனக்கு அந்தக் கவரை நிமிர்ந்து பார்க்கவே முடியவில்லை.

மறுநாள் நான் செய்த தப்பு ஒன்று உண்டு. சாவு வீட்டில் எல்லாவற்றையும் துவைத்துப் போடுவது எங்கள் குடும்பத்து வழக்கம். பிரியா வீட்டுக்குப் போய் அவள் புடவைகள், நைட்டிகள், படுக்கை விரிப்பு, தலையணை உறை, குழந்தையைப் போர்த்தும் துண்டு, தூளி கட்டும் சேலை எல்லாவற்றையும் அள்ளி வந்தேன். வெந்நீரில் கிருமிநாசினி ஊற்றி ஊறவைத்தேன். மூன்று நாள் துவைத்தேன். கையில் வேலை இருந்தால் அழுகை வராது. மடித்து, தாய்மார் சங்கத்துக்குக் கொடுக்கும்படி கட்டி வைத்தேன். தூளிச் சேலையை மட்டும் மறுபடி கட்டினேன். அதில் போட்டதும் குழந்தை வீறிட்டு அழுதது. அழுகைக்குக் காரணம் தெரியவில்லை.

அதுவரை பாட்டிலில் கொஞ்சம் குடித்தவள் அன்றோடு நிறுத்திவிட்டாள். ரப்பர் காம்பு உதட்டில் பட்டால் தலையைத் திருப்பினாள். பாலாடைச் சங்கில் ஊற்றினால் முக்கால்வாசியைக் கடைவாயில் வழியவிட்டாள். மருத்துவர் சொன்ன மூன்று வகைப் பால்மாவும் வாங்கிப் பார்த்தேன். பசும்பால் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மோசஸ் தினமும் தூக்கில் கொண்டுவந்த பாலை நான்தான் காபி போட்டுக் குடித்தேன்.

அடக்கத்திலிருந்து ஐந்தாவது நாள் எடை பார்த்தோம். அரைக் கிலோவுக்கு மேல் இறங்கியிருந்தது. உச்சந்தலையில் குழி விழுந்திருந்தது. ஏழாவது நாள் அழுவதையும் நிறுத்திவிட்டாள். அழுதபோது பயந்த நான், அழாதபோது அதைவிட அதிகமாகப் பயந்தேன். மருத்துவர் எட்டாவது நாள் சொன்னார்: நாளைக்கும் இப்படியே இருந்தால் சேர்த்துவிடுங்கள், மூக்கு வழியாகக் குழாய் வைத்துத்தான் பால் கொடுக்க வேண்டும், அதையும் உடம்பு ஏற்றுக்கொள்கிறதா என்று பார்க்கலாம்.

அந்தக் கடைசி வாக்கியம் எனக்கு நன்றாகப் புரிந்தது. அந்த நாட்களில் நான் ஜெபிக்கவில்லை. முழங்கால் போட்டேன், வாய் வரவில்லை. மருத்துவமனை வராந்தாவில் கேட்டு முடித்துவிட்டேன், இனி எதற்கு என்றிருந்தது. இந்தக் குழந்தையும் போய்விடும் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். பெட்டி என்ன அளவு வேண்டியிருக்கும் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் நினைத்தேன்.

ஒன்பதாவது நாள் மதியம், கறவை முடித்துவிட்டு மோசஸ் வந்தார். வழக்கம்போல வாசற்படிக்கு வெளியே நின்றார். ஒன்பது நாளும் நான் உள்ளே வரச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

"குட்ச்சாளா மேடம்?"

"இல்ல."

எட்டிப் பார்த்தார். "இன்னா இப்டி வத்திப் பூட்டா..." என்றவர் கையிலிருந்த பால் தூக்கைக் கீழே வைத்தார். பிறகு, "ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே? தாய் செத்துப்போன கன்னு வேற மாட்டாண்ட போவாது மேடம். மூஞ்சத் திருப்பிக்கும். தாய் மாட்டத் தொடச்ச கோணி எதுனா கீதான்னு பாப்போம். அத எட்து அந்த மாட்டு மேல போட்டு வுட்டா, மோந்து பாத்துட்டு முட்டிக் குடிக்கும்."

"குழந்தையும் கன்னுக்குட்டியும் ஒண்ணா?"

"எனக்குத் தெரிஞ்சது அதான். பாப்பாவுக்கு எப்டி பாலு குடுக்கறதுன்னு உங்க பேப்பர்ல எதுனா போட்டுகிறாங்களா, சொல்லு, அத செய்வோம்." கோபம் வந்ததும் மேடம் போய்விட்டது. "பிரியா துணி ஒண்ணு குடு. தொவைக்காதது."

நான் மூலையில் இருந்த கட்டைக் காட்டினேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, முதல் தடவையாக உள்ளே வந்தார். மேலே இருந்த நைட்டியை எடுத்து முகர்ந்தார். அடுத்ததை எடுத்தார். ஏழெட்டுத் துணி பார்த்த பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எல்லாத்தையும் தொவைச்சுட்டியா?"

"எல்லாத்தையும்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். துணிகளைப் பழையபடி மடித்து வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். என் தங்கையினுடையது என்று மிச்சமிருந்த கடைசிப் பொருள் அவள் வாடைதான். அதை நானே கிருமிநாசினி ஊற்றிக் கழுவி, சாக்கடையில் விட்டிருக்கிறேன்.

அப்போதுதான் ஜெபம் வந்தது. கண் மூடவில்லை, முழங்கால் போடவில்லை. சத்தமாகவே சொன்னேன். "ஆண்டவரே, துவைக்காத ஒரு துணி தாரும்." அவ்வளவுதான். ஆமென்கூடச் சொல்லவில்லை. மோசஸ்தான் சொன்னார்.

அந்த ஆமென் முடிவதற்குள் பிரியாவின் குரல் எனக்கு ஞாபகம் வந்தது. பால் கட்டிக்கும் போல இருக்கு. பழைய துணி இருந்தா கொடேன். நான் என் கையால் கிழித்துக் கொடுத்த இரண்டு துண்டு.

"அந்தக் கவரை எடுங்க" என்றேன்.

அவர் பீரோவின் மேலிருந்து எடுத்தார். அவர் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள நான் முடிச்சை அவிழ்த்தேன். ராஜனின் கைக்கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் மோசஸ் முகத்தை முழங்கையில் புதைத்துக்கொண்டார். கடைப் பையில் வெள்ளை கவுன், விலைச்சீட்டோடு இருந்தது. அதன் கீழே கைப்பை. கைப்பைக்குள் ஒரு சின்ன பிளாஸ்டிக் உறை, வாய் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. உள்ளே துணி. கடையில் எங்கோ நனைந்த துண்டை மாற்றி, வீட்டில் துவைக்கலாம் என்று சுருட்டி வைத்திருக்கிறாள். பிரித்தேன். புளித்த பால் வாடை.

மோசஸ் குழந்தையைத் தூளியிலிருந்து எடுத்தார். நான் அந்தத் துணியை என் மாரின்மேல் போட்டுக்கொண்டு பாட்டிலை அதன் ஓரத்தில் வைத்தேன். கிருபா முதலில் அசையவில்லை. பிறகு மூக்கு சுருங்கியது. தலையைத் துணியின் பக்கம் திருப்பித் தேய்த்தாள். இரண்டு தடவை முட்டினாள். வாய் திறந்தது.

பாட்டிலில் கோடு போட்டிருக்கும். முப்பது மில்லி இறங்கியதும் நின்றாள். மூச்சு வாங்கினாள். மறுபடி முப்பது. கடைசியாகப் பத்து. அதன் பிறகு அந்தத் துணியைப் பிடித்தபடி தூங்கிவிட்டாள். நான் அழுதேன். பிரியா செத்த பிறகு அதுதான் நான் அழுத முதல் அழுகை.

மருத்துவர் சொன்னதையும் சொல்லிவிட வேண்டும். பசி முற்றினால் குழந்தைகள் தாமாகவே குடிப்பதும் உண்டு என்றார் அவர். இருக்கலாம். எனக்குத் தெரிந்தது இது: அந்தக் கவர் ஒன்பது நாளாக என் தலைக்கு மேலே இருந்தது. அதைத் திறக்க எனக்குத் தைரியம் இல்லை. கேட்ட பிறகுதான் தைரியம் வந்தது. கூடவே அதன் மறுபக்கத்தைப் பிடிக்க ஒரு ஆளும் இருந்தார்.

அந்த வாரத்திலிருந்து அவர் வாசலில் நிற்கவில்லை. விடுமுறை முடிந்து நான் வேலைக்குத் திரும்பினேன். அவருடைய மதியக் கறவை முடியும் நேரத்தில் என் ஷிப்ட் தொடங்கும். கிருபாவை மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அவர் அறையில் விட்டுவிட்டு அலுவலகம் போவேன். முதல் நாள் கொசுவலை, பினாயில், கை கழுவும் சோப்பு என்று ஒரு பை நிறையக் கொண்டுபோனேன். பையைப் பார்த்துவிட்டு, "மாட்டுக்கும் சோப்பு போடணுமா மேடம்?" என்றார். நான் சிரித்துவிட்டேன். சிரித்தது எனக்கே அதிர்ச்சியாக இருந்தது. அன்றைக்கு இரவல் வாங்கியதுபோல இருந்த சிரிப்பு, நாளாக நாளாகச் சொந்தமானது.

தள்ளிப்போன ஞானஸ்நானம் பிப்ரவரியில் நடந்தது. கவுன் இறுக்கமாகிவிட்டதால் முதுகுப் பக்கம் பிரித்து ஊக்குக் குத்தினோம். பலிபீடத்தின் முன்னால், படிவத்தில் இருந்தபடியே, அவரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். சட்டப்படி பாதுகாவலர்கள் என்று நீதிமன்றத்திலும் இருவர் பெயரையும் எழுதி வாங்கினோம்.

ஒரு வருடம் போன பிறகு, மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே கேட்டார். "மேடம், டெய்லி ரெண்டு தபா பாப்பாவத் தூக்கிகினு அலையறோம். ஒரே வூட்டுல இருந்தா இன்னா?"

"மேடம்னு கூப்பிட்டுகிட்டே கேக்குறீங்களா?"

தவிட்டிலிருந்து கையை எடுத்தார். "ஹெலன்" என்றார். மூன்று ஞாயிறு சபையில் எங்கள் கல்யாண ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறும் அவர் கறந்த கையோடு, அதே மாதிரி ஒரு சட்டையில் வந்தார். முன்வரிசையில் என் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

துக்கம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். தண்ணீர் லாரி ஹாரன் கேட்டால் இன்றும் நடுரோட்டில் நின்றுவிடுகிறேன். பிரியாவைப் பற்றி நான் கேட்ட முதல் ஜெபத்துக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. அதை ஆண்டவரிடம் நேரில்தான் கேட்க வேண்டும். ஆனால் கேட்பதை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்த அந்த ஒன்பது நாள் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும்.

அந்தத் துண்டில் இப்போது எந்த வாடையும் இல்லை. கிருபாவுக்கு மூன்று வயதாகிறது. தூக்கம் வந்தால் என் முந்தானையை இழுத்து மூக்கில் வைத்துக்கொள்கிறாள். அதில் மாட்டு வாடையும் அச்சு மை வாடையும்தான் இருக்கும். துவைத்த புடவையென்றால் வேண்டாம் என்கிறாள்.

இதை வாசிக்கிற யார் வீட்டிலாவது பீரோவின் மேலே திறக்காத கவர் ஒன்று இருக்கலாம். பெரிய ஜெபம் வராவிட்டால் பரவாயில்லை. ஒரு துணி கேளுங்கள். கேட்டுவிட்டு அந்தக் கவரைக் கீழே இறக்குங்கள். முடிச்சை மட்டும் தனியாக அவிழ்க்க வேண்டாம். வாசலில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்து, உள்ளே கூப்பிடுங்கள்.