மணலில் வெட்டிய கிணறு

1934 ஜூன் 11: தோட்டம் நான்கு ஏக்கரும் கிணற்றில் மூன்றில் ஒரு பங்கும் விற்றது, ரூ. 1,850
1934 ஜூலை 2: சென்னைக்கு வெளியே மனை, ரூ. 640
1935 பிப்ரவரி 18: அந்த மனையில் வீடு, ரூ. 1,210
1935 செப்டம்பர் 13: கிணறு வெட்டக் கூலி, ரூ. 14 அணா 8
1935 செப்டம்பர் 30: விழுந்த சமையலறைச் சுவர், ரூ. 62

போன மாதம் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், மணலில் கிணறு வெட்டி அதிலேயே புதைந்த கோயமுத்தூர்க் கவுண்டர் கதையை ஒருவன் சொன்னான். வரிசை முழுவதும் சிரித்தது. நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். சிரிப்பவர்களுக்கெல்லாம் மேலே உள்ள கணக்கில் கடைசி இரண்டு வரிதான் தெரியும். முதல் மூன்று வரியையும் படித்துவிட்டுச் சிரிக்கட்டும்.

அந்தக் கவுண்டர் பெயர் ஆறுச்சாமி, எங்கள் ஊர்க்காரர். நான் இந்த ஊரில் முப்பத்தொரு வருஷம் கணக்குப்பிள்ளையாக இருந்தவன். எந்தக் காடு யாருடையது, எந்தக் கிணற்றில் யாருக்கு என்றைக்குத் தண்ணீர் என்பதெல்லாம் என் கையால் எழுதியது. இங்கே எழுதுவதில் பாதி நான் நேரில் கண்டது. மீதியை ஆறுச்சாமி வாயாலேயே கேட்டேன்.

அவர் தோட்டத்துக் கிணறு விலைக்கு வந்ததல்ல. அவரும், அவர் தம்பியும், பக்கத்துத் தோட்டத்துக்காரரும் சேர்ந்து பாறைக்கு மருந்து வைத்து உடைத்து, நான்கு வருஷம் வெட்டியது. எங்கள் பக்கத்துக் கிணறு சதுரமாக, ஒரு வீட்டையே உள்ளே இறக்கும் அகலத்தில் இருக்கும். பக்கங்களுக்குச் சுவர் கட்டுவதில்லை, பாறையே சுவர். வெட்டிய மூன்று குடும்பத்துக்கும் மாற்றி மாற்றி ஒவ்வொரு நாள் முறை. தன் முறை நாளில் ஆறுச்சாமி கோழி கூப்பிடுவதற்கு முன்பே மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைக்க ஆரம்பித்துவிடுவார். அடுத்தவர் முறையில் ஒரு சொட்டுத் தொடமாட்டார்.

மனைவி இறந்தபின் அவருக்கு இருந்தது ஒரே மகன் அழகிரிசாமி. சென்னையில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. மாம்பலத்துக்கு அப்பால் புதிதாக மனை பிரித்து விற்கும் ஒரு குடியிருப்பைப் பார்த்துவிட்டு, கையில் அச்சடித்த நோட்டீசோடு ஊருக்கு வந்தான். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

"கரண்டு ரயில்ல ஏறுனா ஆபீசுக்கு இருவது நிமிசமுங்கப்பா. வாசல்லயே கொழாய், திருகுனாத் தண்ணி. இனிமேல் நீங்க மாட்டு வாலைப் புடிக்க வேண்டியதில்லீங்க."

"தண்ணி யாரு மொறை?" என்றார் ஆறுச்சாமி.

"அங்க மொறையெல்லாம் கெடையாதுங்கப்பா. எப்பவும் வரும்."

"மொறை இல்லாத தண்ணி எப்படிடா நாயமா வரும்?"

மகன் சிரித்தான். ஆனாலும் பெற்றவர் மகன் பேச்சுக்குத்தான் இணங்கினார். தோட்டத்தையும் கிணற்றுப் பங்கையும் வாங்கியவன் தம்பி மகன் பொங்கியண்ணன். கிணற்று விஷயத்தில் வாக்குக் கொடுப்பவர்கள் எங்கள் பக்கத்தில் வாய்க்கால் தலையில் கையை நனைத்துக்கொண்டு சொல்வார்கள். பொங்கியண்ணன் கையை நனைத்தான். "பெரியப்பா, நீங்க எப்பத் திரும்பி வந்தாலும் உங்க மொறை உங்களுக்குத்தானுங்க" என்றான். பத்திரத்தில் அது இல்லை. நனைந்த கையைப் பார்த்தவர்கள் ஐந்து பேர் இருந்தோம்.

சென்னையில் வீடு எழும்பியது. முதல் மூன்று வரியைக் கூட்டிக் கழித்துப் பாருங்கள், ஆறுச்சாமி கையில் மிச்சம் என்ன என்று தெரியும். நோட்டீசில் இருந்த குழாய் வாசலில் இல்லை. தெருக்கோடியில் ஒன்று இருந்தது, முப்பது வீட்டுக்கும் சேர்த்து. காலையில் ஒரு மணி நேரம் வரும், சில நாள் அதுவும் வராது. மருமகள் ராசாத்தாள் மாசமாக இருந்தாள். அந்த நிலையில் குடத்தோடு போய் நிற்பாள். ஒருநாள் வரிசையில் ஒருத்தி, "தோட்டம் தொரவு வித்துட்டு வந்த பெரிய எடமாம். ஒரு கொடத்துக்கு நம்மகூட மல்லுக்கு நிக்குது பாரு" என்று சொன்னது, துணைக்கு வந்த ஆறுச்சாமி காதில் விழுந்தது. தன் கிணற்றை விற்ற பணத்தில் கட்டிய வீட்டில் தண்ணீர் இல்லை. அதை அவரால் பொறுக்க முடியவில்லை.

மகன் ஆபீசுக்குப் போனபின் இரண்டு கூலியாட்களை வைத்துக்கொண்டு கொல்லையில் கடப்பாறை போட்டார். தனக்குத் தெரிந்த மாதிரியே சதுரமாக, அகலமாக. பக்கத்து வீட்டுப் பென்ஷன்காரர் வேலியோரம் வந்து நின்றார்.

"பெரியவரே, இது மணல் பூமி. வட்ட உறை இறக்காம தோண்டாதீங்க. நிக்காது."

"உறைக்குள்ள ஆளு எறங்கித் தூரு வாருறது எப்படீங்க? அது கெணறு இல்லீங்க. அதுவுமொரு கொழாய்."

பென்ஷன்காரர் சொன்னது சரி, ஆறுச்சாமி செய்தது தப்பு. அதை நான் மறைக்கவில்லை. மேலே நான்கு அடி களிமண் கல் மாதிரி இறுகி நின்றதை நம்பி அவர் ஏமாந்தார். வாழ்நாள் முழுவதும் பாறையைத் தவிர வேறு சுவரைப் பார்க்காதவர் அப்படித்தான் ஏமாறுவார். ஐந்தாம் நாள் உச்சிவேளையில் பதின்மூன்று அடியில் ஈரம் கசிந்து தண்ணீர் ஊறியது. கையில் அள்ளிக் குடித்துப் பார்த்தார். உப்பு இல்லை. ஆட்களைச் சோற்றுக்கு மேலே ஏற்றிவிட்டு அவர் மட்டும் உள்ளே நின்றார். அப்போதுதான் மணல் சரிந்தது. மார்பு வரை மூடியது. சமையலறைச் சுவரும் கூடவே வந்தது. தெருவே கூடி அவரைத் தூக்கியது. இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

இதுவரை நடந்ததற்கு நான் யார்மேலும் கோபப்படமாட்டேன். என் கோபம் இதற்குப் பிறகு நடந்ததன்மேல்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அழகிரிசாமியின் ஆபீஸ் சிநேகிதர்கள் வீட்டுக்கு வருவார்கள். குழியைக் காட்டி அவன் சொல்வான்: "எங்கப்பா கோயமுத்தூரையே தோண்டி எடுத்துடலாம்னு பாத்தார் சார். சமையல்கட்டுதான் கெடச்சுது." அத்தனை பேரும் சிரிப்பார்கள். அடுத்த அறையில் கயிற்றுக் கட்டிலில் தகப்பன் கிடப்பார். ஒருநாள் ராசாத்தாள் காப்பித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "நான் கொடம் சொமக்கறனேன்னுதானுங்க மாமா தோண்டுனாரு" என்றாள். அன்றைக்குச் சிரிப்பு நின்றது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை புது ஆட்கள் வந்தார்கள். அந்தக் கதைதான் சென்னையிலிருந்து ரயிலேறி எங்கள் பக்கத்துப் பந்தி வரைக்கும் வந்து சேர்ந்தது.

ஊன்றி நடக்கும் அளவுக்குத் தேறியதும் ஆறுச்சாமி மருமகளிடம் சொல்லி எனக்கு எழுதினார். கேட்டது ஒன்றுதான்: என் முறை எனக்கு வேண்டும், ஊருக்கு வந்துவிடுகிறேன் என்று. நான் பொங்கியண்ணனிடம் போனேன். பைக்காரா மின்சாரம் வந்ததும் கிணற்றுமேட்டில் மோட்டார் வைத்திருந்தான்.

"பெரியப்பா வரட்டுங்க, ஊட்டுல ஒருவாய்ச் சோறு போடாமயா போயிருவேன்?"

"அவர் சோறு கேட்கலை. மொறை கேட்கறார்."

"மோட்டாரு போட்டப்புறம் மொறை ஏதுங்க கணக்குப்பிள்ளைங்க? அதெல்லாம் மாட்டுக் காலத்துப் பேச்சுங்க."

"நீ கையை நனைச்சியே."

"நனைச்ச கை அப்பவே காஞ்சுபோச்சுங்க" என்றான், ஏதோ சாமர்த்தியம் செய்துவிட்டவன் போல. இன்றைக்கும் அவன் என் வாசல் வழியாகப் போனால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

மூன்றாம் பங்கு காளியாத்தாளுடையது. கூட வெட்டிய பக்கத்துத் தோட்டத்துக்காரரின் விதவை. மோட்டார் வைக்க வசதியில்லாமல் இன்னும் மாட்டில் இறைப்பவள். அவளிடம் நான் கேட்கக்கூட இல்லை. செய்தி தெரிந்து அவளே வந்தாள்.

"ஏனுங்க, என்ற மொறை நாள்ல உச்சி வரைக்கும் எனக்கு, அப்பறம் பொழுதெறங்கற வரைக்கும் ஆறுச்சாமி அண்ணனுக்குங்க. காட்டோரம் கொஞ்சம் எடமும் உடறேன். வரச்சொல்லி எழுதிப்போடுங்க."

எழுதினேன். "ஊருக்கு அனுப்பினா நான் தொரத்திட்டேன்னு பேசுவாங்க" என்று மகன் தடுத்தானாம். ராசாத்தாள் தன் காதுத் தோட்டை அடகு வைத்து டிக்கெட் எடுத்து, கைக்குழந்தையோடு போய் அவரை ரயிலேற்றிவிட்டாள்.

1937 ஜனவரியில் வந்தார். காளியாத்தாள் காட்டோரம் குடிசை போட்டுக்கொண்டார். அவள் முறை நாளில், உச்சி சாய்ந்ததும், அவள் மாட்டைப் பூட்டி, கோணிய இடுப்போடு கவலை இறைப்பார். மிளகாயும் கத்தரியும் வைத்தார். பக்கத்து வயலுக்கு மோட்டார் தண்ணீர் பாய்கிற நாளில், கைக்கெட்டும் தூரத்தில் வாய்க்கால் ஓடினாலும் ஒரு செடிக்கும் திருப்பமாட்டார். மகனைப் பற்றிக் குறை சொன்னதில்லை. ஒரே ஒருநாள் மட்டும், "தண்ணி இருந்துச்சுங்க கணக்குப்பிள்ளைங்க. நான் குடிச்சுப் பாத்தேன். அதை மட்டும் ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கறான்" என்றார்.

1938 மார்ச் 8 செவ்வாய்க்கிழமை, மிளகாய்ச் செடிகளுக்கு நடுவில் விழுந்து இறந்தார். மகனுக்குத் தந்தி கொடுத்தேன். தந்தி போய்ச் சேருவதற்குள் அவன் தன் தகப்பனுக்கு எழுதிய கடிதம் அங்கிருந்து புறப்பட்டுவிட்டது. அதைப் பிரித்துப் படித்தவன் நான்தான். போன கோடையில் அந்தக் குழியிலேயே உறை இறக்கினார்களாம். அதே பதின்மூன்று அடியில் தண்ணீராம், இளநீர் மாதிரி இருக்கிறதாம், தெருவில் பாதிப் பேர் அங்கேதான் எடுக்கிறார்களாம். சொல்ல வேண்டுமென்று நினைத்து நினைத்துத் தள்ளிப்போய்விட்டதாம். கோடை போய், மழை போய், பொங்கலும் போனபின் எழுதியிருக்கிறான். அவ்வளவு நாளும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்திருக்கிறான்.

ஆறுச்சாமி பெயருக்கு வந்த கடைசிக் கடிதம் அது. வந்த தேதி 1938 மார்ச் 10, வியாழக்கிழமை.