ஜோடிப் பாட்டுக்கு இரண்டு விலை

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு ஜோடிப் பாட்டைப் பாதியாகக் கேட்டேன். அந்தப் பிரமிப்பு இன்னும் தீரவில்லை.

பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அம்மன் திருவிழா. இரவில் கூட்டம் கூடப் போலீஸ் அனுமதி தரவில்லை. அதனால் கச்சேரி பட்டப்பகலில். நானும் இசைக்குழுவோடு வேனில் போனேன். பாடுவதற்கா? ஸ்பீக்கர் பெட்டி தூக்குவதற்கு. இந்தப் பத்தி எழுதி வரும் காசில் வாடகை கொடுக்க முடியாது என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும்.

குழுவில் இரண்டு நட்சத்திரங்கள். ஒருவர் ரவி — வெள்ளைச் சப்பாத்து, கறுப்புக் கண்ணாடி. இன்னொருவர் மல்லிகா. பெல்மதுளைப் பக்கம் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து ரேடியோ வரை போன குரல். சிங்களப் பாட்டும் பாடுவார். நோட்டீஸில் அவர் பெயர் இருந்தால் பசாரிலிருந்து சிங்களப் பையன்களும் மலையேறி வந்துவிடுவார்கள்.

வேனிலேயே மல்லிகா பேச்சை எடுத்தார்.

"மாஸ்டர், இந்தத் தடவ ரவி அண்ணனுக்குக் குடுக்கிறதையே எனக்கும் குடுங்க."

மாஸ்டர்தான் குழுவின் சொந்தக்காரர். முன்சீட்டிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவருக்குக் குடும்பம் இருக்கும்மா."

"எனக்கு ரெண்டு புள்ளைங்க. வீட்டுக்காரரு மாணிக்கக் குழியில கால ஒடச்சிக்கிட்டுப் படுத்திருக்காரு. இதுக்குப் பேரு குடும்பம் இல்லையா?"

"புடிக்கலன்னா சொல்லு. அடுத்த வாரம் கொடகவெலைக் கச்சேரிக்கு வேற புள்ள ரெடியா இருக்கு."

மல்லிகா பாட்டு நோட்டை எடுத்துப் புரட்டத் தொடங்கினார். இது திருவிழா மாதம். ஒரு புரோகிராம் கைவிட்டுப் போனால் பின்னாலேயே மற்றதும் போகும். ரவி ஜன்னல் வழியே தேயிலையை ரசித்துக்கொண்டு வந்தார்... அவர் பார்க்காத தேயிலையா?

அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கோயிலுக்கு வருவதையும் கோயிலிலிருந்து போவதையும் மைக்கில் சொல்லியாக வேண்டும். யார் எத்தனை தேங்காய் கொடுத்தார், பந்தல்காரருக்கு எவ்வளவு — எல்லாம். கமிட்டிச் செயலாளர் இதில் மிக நேர்மையான மனிதர். இடைவேளையில் கலைஞர்களுக்கு மாலை போட்டு, மாஸ்டர் பிரித்துக் கொடுத்திருந்தபடி கவர்களை நீட்டும்போது, பழக்கதோஷத்தில் அதையும் அறிவித்துவிட்டார்.

"பாடகர் ரவி அவர்களுக்கு ரூபா பத்தாயிரம். பாடகி மல்லிகா அவர்களுக்கு ரூபா நாலாயிரம்."

மாஸ்டர் என்னைப் பார்த்துக் கழுத்தை அறுப்பதுபோலச் சைகை காட்டினார். மைக்கை நிறுத்த வேண்டுமாம். நான் ஏதோ ஒயரைத் தேடுகிறவன்போலக் குனிந்துகொண்டேன்.

முன்னால் பாயில் உட்கார்ந்திருந்த கொழுந்தெடுக்கும் பெண்களில் ஒருவர் எழுந்தார். பழனியம்மா என்று பெயர்.

"தலைவரே, ஒரு சந்தேகங்க. எங்க சம்பளத்துல திருவிழாக் காசு புடிச்சீங்களே... ஆம்பளைக்கு எவ்வளவு, பொம்பளைக்கு எவ்வளவு?"

கமிட்டித் தலைவர் துண்டைச் சரிசெய்தார். "எல்லாருக்கும் ஒண்ணுதான். ஒனக்குத் தெரியாதா?"

"தெரியுங்க. புடிக்கிறப்ப ஒண்ணு, குடுக்கிறப்ப பாதிக்கும் கொறச்சலா?"

"அது ட்ரூப்புக்காரங்க விஷயம்மா."

"காசு நம்ம காசு தானுங்களே. எங்க ஆத்தா காலத்துல மலையிலயும் பொம்பளைக்குச் சம்பளம் கொறச்சல்தான். இப்ப ஒண்ணாக்கிட்டாங்க. மேடைக்கு மட்டும் இன்னும் சேதி வரலையா?"

பெண்கள் பக்கம் சலசலப்பு. சிலர் முந்தானை முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்கள். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு மல்லிகாவின் குறையைத் தீர்ப்பதாக எண்ணம். மல்லிகா மைக்குக்கு வந்தார்.

"வேணாங்கம்மா. நீங்க குடுக்க வேண்டியத ஏற்கெனவே குடுத்துட்டீங்க. அதுல என் பங்குதான் எனக்கு வேணும்."

மைக்கைப் பெட்டிமேல் வைத்தார். மேடை ஓரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கோபம் இல்லை, கண்ணீர் இல்லை. வேனில் கேட்ட மிரட்டல் அவருக்கு மறந்திருக்குமா? மறக்கவில்லை — உட்கார்ந்தபடியே ஒருமுறை மாஸ்டர் பக்கம் பார்த்துக்கொண்டார். பல ஊர் மேடைகளுக்குப் பெட்டி தூக்கியவன் நான். சும்மா உட்கார்ந்தே ஒரு மைதானத்தைக் கட்டிப்போட்ட நட்சத்திரத்தை அன்றுதான் கண்டேன்.

அடுத்தது ஜோடிப் பாட்டு. நிலைமையைச் சமாளிக்கலாம் என்று ரவி தன் வரிகளைப் பாடினார். நன்றாகவே பாடினார். பெண்குரல் வர வேண்டிய இடம் வந்தது... தபேலா மட்டும் ஓடியது. கீபோர்ட்காரர் அந்த வரியை வாசித்துப் பார்த்தார். மணமேடையில் மாப்பிள்ளை மட்டும் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

"அக்கே, சிந்துவ கோ?" — பாட்டு எங்கே என்று பின்னாலிருந்து ஒரு சிங்களப் பையன் கேட்டான்.

பழனியம்மா திரும்பி அவனுக்குச் சிங்களத்திலேயே பதில் சொன்னார். பாதிக் காசுக்குப் பாதிப் பாட்டுதான் வருமாம்.

மைதானமே சிரித்தது. ரவியும் சிரித்துவிட்டார். பாட்டை நிறுத்தினார்.

"மாஸ்டர், இவங்க இல்லாம நான் யாருக்குப் பதில் பாடுறது?"

இதை அவர் வேனிலேயே கேட்டிருக்கலாம். போகட்டும்.

மாஸ்டர் மேடையேறி மீதியை மல்லிகா கையில் வைத்தார். தன் பங்கிலிருந்துதான் — முகமே சொல்லியது. மல்லிகா எழுந்தார். விட்ட இடத்திலிருந்து எடுத்தார். அந்தக் குரல் எதிர் மலையில் பட்டுத் திரும்பியபோது, ஸ்பீக்கர் பெட்டியைப் பிடித்திருந்த என் கையில் மயிர் சிலிர்த்து நின்றது.

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். சட்டம் பேசத் தெரியாது. ஆனால், சினிமாவிலும் டீவியிலும் பெரிய பெரிய கதாநாயகிகளுக்கும் இதே கதைதான் என்கிறார்கள். போஸ்டரில் ஜோடி, கவரில் ஜோடி இல்லை. யாருக்கு எவ்வளவு என்று வெளியே தெரியாது. தெரியாதவரைக்கும்தான் அந்த வியாபாரம் நடக்கும் போலிருக்கிறது. அங்கெல்லாம் நம் செயலாளரைப்போல ஒருவர் மைக்கோடு நின்றால்..?

புதன்கிழமை பெல்மதுளை பஸ் ஸ்டாண்டில் மல்லிகாவைப் பார்த்தேன். "கொடகவெலைக்குக் கூப்பிட்டாங்களா?" என்று கேட்டேன்.

"கூப்பிட்டாங்கண்ணே. பழைய தொகையச் சொன்னாங்க. முடியாதுன்னு போனை வச்சிட்டேன்."

"பிறகு?"

"பிறகு என்ன... அவங்களே திரும்பக் கூப்பிட்டு, ரவி அண்ணன் தொகையச் சொன்னாங்க."

எனக்குத்தான் மாஸ்டரிடமிருந்து இன்னும் அழைப்பு வரவில்லை.