பூஜையில் உட்கார்ந்த சைக்கிள்

ஒரு சைக்கிளை வாங்குவதற்கு முன்னால் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த புண்ணியவான் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். அவர் பேச்சைக் கேட்டு நான் மாதக்கணக்கில் சிராங்கூன் ரோட்டில் ஒரு சைக்கிள் கடை வாசலிலேயே குடியிருந்தேன்.

அறுபதுகளின் தொடக்கம். நான் துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி, அதாவது குமாஸ்தா. கல்யாணம் ஆகவில்லை. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு கடைவீட்டு மாடியில் அக்கா, அத்தானோடு இருந்தேன். துறைமுகத்தில் வருஷா வருஷம் சைக்கிள் பந்தயம் ஒன்று நடக்கும். ஒவ்வொரு பிரிவும் நாலு பேரை அனுப்பும். எங்கள் பிரிவிலிருந்து போகிற நாலு பேரும் எப்போதும் பட்டறை, கிரேன், படகு ஆட்கள்தான். ஒரு கிராணிகூட அந்த நாலில் வந்ததில்லை. இதை ஒருநாள் கோப்பிக்கடையில், பட்டறையில் இயந்திரம் பொருத்துகிற பிட்டர் அண்ணன் ஒருவர் சொன்னார். சொன்னதோடு விட்டிருக்கலாம்.

"கிராணி ஓட்டுற சைக்கிள் நாற்காலிதான் லா. அதுக்கு நாலு காலு, விழவே விழாது."

மேசையே சிரித்தது. நான் கோப்பியை வைத்துவிட்டு, "இந்த வருஷம் அந்த நாலுல ஒருத்தன் நான்," என்றேன். அப்போது என்னிடம் சைக்கிள் இல்லை என்பது சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது.

சைக்கிள் கடைத் தவுக்கே, அதாவது சீன முதலாளி, பொறுமைசாலி. பாதி மலாய், பாதி தமிழாகப் பேசுவார். அடையாளக் கார்டை அவர் மேசையில் வைத்தால், எந்த வண்டியையும் எடுத்துக்கொண்டு ரேஸ் கோர்ஸ் ரோடு வரைக்கும் ஒரு சுற்றுப் போய் வரலாம். நான் போய் வந்தேன். முதல் வண்டி இடது பக்கம் இழுத்தது. "ரோடு சரியில்லை," என்றார். இரண்டாவது வண்டியில் சீட்டு கல். "நீ உக்காந்தா பஞ்சாவும்," என்றார். அடுத்ததில் செயின் முனகியது, அதற்கடுத்ததில் நான் முனகினேன். வேலை முடிந்து தினமும் சாயங்காலம் நான் கடையில் ஏறுவதைப் பார்த்தால் அவர் பேசாமல் கையை நீட்டுவார், நான் பேசாமல் கார்டைக் கொடுப்பேன். ஒருநாள் அவருக்கே தாங்கவில்லை.

"தம்பி, நீ சைக்கிள் வாங்க வர்றியா, சைக்கிளுக்கு மாப்பிள்ளை பாக்க வர்றியா?"

அந்த வெட்கத்தில் வாங்கியதுதான் என் பச்சை நிற வண்டி. வளைந்த ஹேண்டில் பார், மெல்லிய டயர், மட்கார்டு கிடையாது. அத்தான் பஸ் கம்பெனிப் பட்டறையில் மெக்கானிக். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "மீதி பாகமெல்லாம் எப்ப வரும்?" என்று கேட்டார்.

வாங்கினால் தீர்ந்தது என்று நினைத்தேன். பயிற்சி என்ற ஒன்று இருப்பதை நான் மறந்திருந்தேன். சீட்டு நிஜமாகவே கல். நல்லெண்ணெய் தேய்த்து ஊறவைத்தால் தோல் இளகும் என்று ஒரு மகான் சொன்னார். ஊறவைத்தேன். தோல் இளகவில்லை, என் கால்சட்டை இளகியது. இரவோடு இரவாக எறும்புகள் அந்தச் சீட்டைக் கண்டுபிடித்துவிட்டன. காலையில் நான் பார்க்காமல் ஏறி உட்கார்ந்து, சந்து முனை வரைக்கும் அசுர வேகத்தில் போனேன். என் வாழ்க்கையில் அதுபோல ஓட்டியதே இல்லை. பந்தயத்தன்று எறும்பை உடன் கொண்டுபோகலாமா என்றுகூட யோசித்தேன்.

புக்கிட் தீமா பக்கம் போனால் மழை, மழை வந்தால் வெள்ளம், பெடலே தண்ணீருக்குள். கிழக்கே பிடோக் பக்கம் போனால் கம்பத்து நாய்கள், அதாவது மலாய்க் கிராமத்து நாய்கள். அந்த நாய்களுக்கு மெல்லிய டயர்மேல் என்ன பகையோ, லாரியை விட்டுவிடும், என்னை விடாது. தினம் பச்சை முட்டை குடி என்றார் ஒருவர், பழைய சோறு சாப்பிடு என்றார் இன்னொருவர். நான் யாருடைய மனத்தையும் நோகடிக்காமல் இரண்டையும் சாப்பிட்டேன். அன்று பிடோக் போக முடியவில்லை. வேறு எங்கும் போக முடியவில்லை.

எங்கள் அணியின் கேப்டன், எங்கள் பிரிவின் கணக்கு மேசையில் பெரிய கிராணி, யாழ்ப்பாணத்துக்காரர். அங்கே ஒருகாலத்தில் ஓட்டியவராம், இங்கே ஆளைத் தேர்ந்தெடுப்பதோடு சரி. நான் மூச்சு வாங்க நிற்பதைப் பார்த்து, "என்ன காணும், நீர் சைக்கிளை ஓட்டுறீரோ, சைக்கிள் உம்மை ஓட்டுதோ?" என்பார். "நானும் கிராணிதான். அதுக்காக உமக்கு இடம் தருவன் எண்டு நினையாதையும். தேர்வு ஓட்டத்தில முதல் நாலுக்குள்ள வாரும், பாப்பம்."

தேர்வு ஓட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காத்தோங்கில் தொடங்கி, சாங்கி போய், திரும்பக் காத்தோங். அந்தத் தேதியை அலுவலக மேசையில் இருந்த ஆங்கில நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்தேன். வீட்டுச் சுவரில் தமிழ் நாள்காட்டி ஒன்று தொங்கியது. அதிலும் அக்கா ஏதோ ஒரு நாளுக்குக் குங்குமப் பொட்டு வைத்திருந்தாள். இரண்டும் ஒரே நாள் என்பதை, எட்டு மணி நேரம் தேதி எழுதியே சம்பளம் வாங்குகிற நான் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் வண்டியைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, டயரில் காற்றடித்து வைத்துவிட்டு முடிவெட்டப் போனேன். தலை பாரம் குறைந்தால் வேகம் கூடும் என்று ஒரு கணக்கு. திரும்பி வந்தால் வண்டியைக் காணோம். சாம்பிராணி வாசம் வந்தது.

சாமி படத்துக்கு முன்னால் அத்தானின் ஸ்பேனர்கள், சுத்தியல், அக்காவின் தையல் மெஷின், கத்தரிக்கோல், அரிவாள்மணை. நடுவில், வாழை இலைமேல், என் பச்சை வண்டி. ஹேண்டில் பாரில் மாலை. சக்கரத்தில், பெடலில், பிரேக் கட்டையில் எல்லாம் சந்தனம். கல்லான அந்தச் சீட்டில்கூட ஒரு பொட்டு.

"அக்கா, என்ன இது?"

"ஆயுத பூஜைடா. நீ துடைச்சு வெச்சிருந்ததைப் பாத்து எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? இந்த வருஷமாவது பொறுப்பு வந்துச்சேன்னு."

"நாளைக்குக் காலையில எனக்கு ஓட்டம் இருக்கு!"

"நாளைக்கு எதையும் தொடக்கூடாது. திங்கக்கிழமை காலையில கற்பூரம் காட்டிட்டுத்தான் எடுக்கணும்."

"எடுத்தா என்ன ஆகும்?"

"என்ன ஆகும்னு எனக்கு எப்படிடா தெரியும்? நம்ம வீட்டுல யாரும் எடுத்ததில்லையே."

நான் அத்தானைப் பார்த்தேன். அவர் செய்தித்தாளை இறக்காமலே, "உன் காலையும் சேத்து வெச்சிருக்கணும் மாப்ளே. அதுவும் ஆயுதம்தானே?" என்றார்.

எடுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம். ஆனால் மாலை போட்டுச் சந்தனம் வைத்த வண்டியை இலையிலிருந்து தூக்குவதற்கு, நாத்திகம் பேசுகிறவனுக்கே கை வராது. நான் பரீட்சைக்கு முன்னால் மூன்று கோயில் சுற்றியவன். நேரே தவுக்கேயிடம் ஓடினேன். பலகைகளை வைத்துக் கடையை மூடிக்கொண்டிருந்தார்.

"தவுக்கே, ஒரு சைக்கிள் டெஸ்ட் பண்ணணும். நாளைக்குக் காலையில."

"வாங்கியாச்சே! அது எங்க?"

"சாமிகிட்ட இருக்கு."

அவர் முகம் வாடியது. வண்டி செத்துவிட்டது என்று நினைத்துவிட்டார். சிராங்கூன் ரோட்டில் இத்தனை வருஷம் கடை வைத்திருப்பவர் இல்லையா, விளக்கியதும் புரிந்துகொண்டு தலையில் அடித்துக்கொண்டார். புது வண்டி தரமாட்டேன் என்றார். பின்பக்கம் போய், ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். பெண்கள் சைக்கிள். குறுக்குக் கம்பி இல்லை, முன்னால் பிரம்புக்கூடை, பாவாடை மாட்டாமலிருக்கப் பின்சக்கரத்தில் வலை. நான் அதைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது. அடையாளக் கார்டை எடுத்து நீட்டினேன்.

மறுநாள் காலை காத்தோங்கில், பிள்ளையார் கோயில் இருக்கிற சிலோன் ரோட்டு முனையில், நான் பிரம்புக்கூடையோடு போய் நின்றபோது அங்கே மூன்றே பேர். கிரேன் ஓட்டுகிற சீனர், படகு ஓட்டுகிற மலாய்க்காரர், வெல்டர் ஒருவர். வெல்டர் மாதா கோயிலுக்குப் போகிற நம் தமிழர். பட்டறை ஆட்களில் வேறு ஒருவரையும் காணோம்.

"மற்ற ஆக்கள் எங்கை?" என்றார் கேப்டன்.

"எல்லாரு சைக்கிளும் சாமி கும்பிடுது சார்," என்றார் வெல்டர். "இன்னைக்கு ஆயுத பூஜை."

"அது எனக்குத் தெரியாதோ? எங்கட வீட்டிலயும் பூஜைதான். நாங்கள் புத்தகத்தை எல்லோ வைக்கிறனாங்கள்! சைக்கிளை ஆர் வைக்கிறது?" என்றவர், அப்போதுதான் என் வண்டியைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "உம்மட அம்மா இந்தச் சைக்கிளைத் தேடமாட்டாவோ?"

நாலு இடம், நாலு பேர். ஓட்டத்தை முடித்தால் போதும் என்றார். சிரிப்புக்கெல்லாம் நான் அசையவில்லை. கணக்குப் போடத் தெரிந்தவன் நான். முடித்தால் நான் அணியில்!

முடிப்பதற்கு என்ன பாடு! முழங்கால் ஹேண்டில் பாரில் இடித்தது. பிடோக் மேட்டில் செயின் கழன்றது, மாட்டினேன், மறுபடி கழன்றது. கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த கம்பத்துப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நாய்கள்கூட அன்று துரத்தவில்லை, அந்த அவமானம்தான் பெரிது. சாங்கி போய்த் திரும்பி வரும்போது செயின் ஒரேயடியாக அறுந்தது. அதைக் கூடையில் போட்டுக்கொண்டு, ஒரு காலைப் பெடலில் வைத்து மறு காலால் தரையை உந்தி உந்தி, மேட்டில் தள்ளி, இறக்கத்தில் உருண்டு, ஒருவழியாகக் காத்தோங் வந்தேன். மற்ற மூவரும் கோப்பி குடித்து, கோப்பையையும் கழுவி வைத்துவிட்டார்கள்.

கேப்டன் எழுந்து கை கொடுத்தார். "முடிச்சுப்போட்டீர் காணும்! நான் நினைக்கேல்லை."

அந்த ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் அணியில் இருந்தேன்.

திங்கட்கிழமை பட்டறை ஆட்கள் கூட்டமாக வந்து கேப்டன் மேசையைச் சுற்றி நின்றார்கள். நாற்காலி நகைச்சுவை சொன்ன அதே பிட்டர் அண்ணன்தான் முன்னால். "நாங்க ஆயுதத்தைச் சாமிக்குக் குடுத்துட்டு வந்தா, எங்க இடத்தை நீங்க ஆளுக்கு ஒண்ணா எடுத்துக்கிட்டீங்களா? இது என்ன சார் நியாயம்?"

கேப்டன் எங்கள் நாலு பேரையும் கூப்பிட்டார். நாலு பேரும் சம்மதித்தால்தான் மறுபடி ஓட்டம், ஒருவர் மறுத்தாலும் முடிவு அப்படியே நிற்கும் என்றார். கிரேன் ஓட்டுபவருக்கும் மலாய்க்காரருக்கும் கவலையே இல்லை, எப்படி ஓட்டினாலும் அவர்கள் முன்னால் வருவார்கள். வெல்டருக்குப் பட்டறைச் சிநேகிதம். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாட்டேன் என்று ஒரு வார்த்தை. சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"விடுங்கண்ணே, கிராணி சார் பயப்படுறாரு," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"யாருக்குப் பயம்? தாராளமா ஓட்டுவோம்!" என்றேன். என் வாயைப் பற்றி நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு, பூஜை முடிந்த என் சொந்த வண்டியில் ஓட்டினேன். மழை இல்லை. செயின் கழலவில்லை. சந்தனத்தை எல்லாம் முதல் நாளே சுரண்டியாகிவிட்டது. சாங்கி வரைக்கும் நாலாவதாகத்தான் இருந்தேன். திரும்பி வருகையில், பிடோக் மேட்டில், என் பக்கத்தில் ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. பிட்டர் அண்ணன். வயதில் என்னைவிடப் பத்துப் பதினைந்து மூத்தவர், தொப்பை வேறு.

"வரட்டா தம்பி?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு, போனார். நான் மிதித்தேன். என்னென்ன இருந்ததோ எல்லாவற்றையும் போட்டு மிதித்தேன். அவர் முதுகு சின்னதாகிக்கொண்டே போனது. ஒரு நாயாவது வராதா என்று இரண்டு பக்கமும் பார்த்தேன்.

ஐந்தாவது.

"எத்தனாவதுடா?" என்றாள் அக்கா.

"அஞ்சாவது."

"பரவாயில்லையே! எத்தனை பேரை எடுக்கறாங்க?"

"நாலு."

அவள் அத்தானைப் பார்த்தாள். அத்தான் அதிசயமாகச் செய்தித்தாளை மடித்தார். "அஞ்சாவதும் நல்ல இடந்தான் மாப்ளே. ஒருத்தன் விழுந்தா நீதானே?"

கேப்டனும் அதையேதான் சொன்னார். நான் மாற்று ஆள். அதனால் பயிற்சியை விடக்கூடாது. பந்தயம் வரைக்கும் தினமும் அதே மழை, அதே நாய், அதே சீட்டு. ஓட்டப்போகிறேனா இல்லையா என்பதுகூடத் தெரியாமல் மிதித்தேன். சாயங்காலம் கோயிலில் நின்று, யாருக்கும் எதுவும் ஆகக்கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டேன். கற்பூரம் அணையும் நேரத்தில், லேசாக ஒரு சுளுக்கு, அதுவும் கிரேன்காரருக்கு வேண்டாம், பாவம், பிட்டர் அண்ணனுக்கு மட்டும் என்று ஒரு திருத்தம் சேர்த்துக்கொள்வேன்.

பந்தயத்தன்று காலை நால்வரும் எருமை மாதிரி ஆரோக்கியமாக வந்து நின்றார்கள். பிட்டர் அண்ணன் குனிந்து கால்விரலைத் தொட்டுக் காட்டினார், இரண்டு தடவை. பிறகு மேல்சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்து, "பத்திரம் தம்பி, பையில வெத்தலை இருக்கு," என்றார். மற்ற மூவரும் அவரவர் சட்டையைக் கழற்றி அதன்மேல் வைத்தார்கள். ஊதல் ஒலித்தது. நாலு சட்டையையும் சுமந்துகொண்டு, அவர்கள் பேரைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினேன்.