அத்தானுக்குக் கொடுக்காத மொச்சை விதை

என் கணவரின் அண்ணனான அத்தான் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு மாதமே விவசாயி ஆகிவிட்டார். அதாவது, தொப்பி வாங்கினார். முழங்கால் வரை பூட்ஸ், மண்ணின் ஈரம் பார்க்கும் கருவி, மூட்டை மூட்டையாக உரம். எல்லாம் வந்தன; செடி மட்டும் வரவில்லை.

நான் ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்கில் தொழிற்சாலை வேலை முடிந்து வந்து, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் துண்டு நிலத்தில் கத்தரியும் வெண்டையும் போடுவேன். பந்தல் முழுக்க மொச்சைக் கொடி. இரண்டு வீடு தள்ளி இருக்கும் அவர், அந்தப் பந்தல் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார். எங்கள் தாமான் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் அது ‘என் தோட்டம்’ என்று வரும்.

“விடுலா, வயசானவரு,” என்றார் என் கணவர். ஐம்பது வயதிலும் அண்ணனைக் கண்டால் கால் மாற்றி நிற்பவர் வேறென்ன சொல்வார்?

விதை எடுப்பது பெரிய வித்தையில்லை. நெற்று கொடியிலேயே காய்ந்து, குலுக்கினால் சலசலக்க வேண்டும். ஈப்போ மழைக்கு அது லேசில் நடக்காது; வேலைக்குப் போகுமுன் பந்தல்மேல் பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்திவிட்டுப் போவேன். பிறகு உரித்து, காயவைத்து, சாம்பல் புரட்டி பிஸ்கட் டின்னில் வைப்பேன். போன வருடம் அவருக்கும் ஒரு கை கொடுத்தேன். ஈரத்துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்து, பூசணம் பிடிக்க விட்டுவிட்டு, “உன் விதை சரியில்லம்மா,” என்றார்.

இந்த வருடம் தாமான் மண்டபத்தில் விதை சேமிப்பு பற்றி அவரே பேசினார். மறுநாள் இரண்டு பெண்கள் விதை கேட்டு அவர் வீட்டுக்குப் போனார்கள். நேராக என் பின்வாசலுக்குக் கூட்டி வந்துவிட்டார்.

“நம்ம விதையில கொஞ்சம் எடுத்துட்டு வாம்மா.”

நம்ம விதை! உள்ளே போய் டின்னை எடுத்து வந்தேன்.

“தாரேன் அத்தான். எப்போ பறிக்கணும்னு இவங்களுக்குச் சொல்லுங்க.”

“பச்சையா இருக்கப்பவே பறிச்சிடணும். அப்பதான் சத்து இருக்கும்.”

இருவரில் மூத்தவர் பக்கென்று சிரித்துவிட்டார். “ஐயோ அண்ணே, அது கொழம்புக்குலா!”

பெண்களுக்கு ஆளுக்கு இரண்டு கை அள்ளிக் கொடுத்தேன். அவரும் கை நீட்டினார்.

“என் விதைதான் சரியில்லையே அத்தான்,” என்று டின்னை மூடினேன்.

என் கணவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வீடு நிம்மதியாக இருந்தது. அத்தான் இப்போது மீன் வளர்க்கிறார்; அதற்கும் வாட்ஸ்அப் குழுவில் அறிவுரை தொடங்கிவிட்டது. நான் அந்தக் குழுவிலிருந்து வெளியேறிவிட்டேன்.